தலையணை விடு தூது

'தையல்' என்னும் சொல் தமிழில் ஊசித்தொழிலையும் குறிக்கும், பெண்ணையும் குறிக்கும். இவ்விரு பொருளையும் வகுப்பறையில் பலமுறை விளக்கியிருக்கிறோம். மாணவியர் நகைப்பர், நாமும் அடுத்த சொல்லுக்குச் சென்றுவிடுவோம். அச்சொல்லுக்குள் நம் வீட்டுச் செய்தி ஒன்று பல்லாண்டுகளாக மடித்து வைக்கப்பட்டிருந்ததை நாம் அறிந்தது சிங்கப்பூரில் வாழ்ந்த ஈராண்டுக் காலத்தில்தான்.

கணவரின் பணியை முன்னிட்டு, 2017ஆம் ஆண்டு ஊதியமில்லா விடுப்பில் அங்குச் செல்ல நேர்ந்தது. விடைபெறப் பெண்ணாடம் சென்றபோது அம்மா ஒரு துணிப்பொதியைக் கையில் கொடுத்தார்கள். "அங்க போனா பொழுது போகாது புள்ள. இதத் தச்சு முடி" என்றார்கள். உள்ளே இரண்டு தலையணை உறைகள். ஒன்றில், படுத்துறங்கும் யானை ஒன்று சாம்பல் நிற நூலில் முழுமையாகத் தைக்கப்பட்டிருந்தது. மற்றதில் கார்பன் தாள் வைத்துப் படியெடுத்த நீலக்கோடுகள் மட்டும் மங்கலாகத் தெரிந்தன.

பெண்ணாடத்தாருக்கு அந்த யானையை அறிமுகம் செய்ய வேண்டுவதில்லை. மெய்கண்டார் தோன்றிய இவ்வூரின் சிவன்கோயில் விமானம், பின்புறம் நின்று நோக்குவார்க்குத் துயிலும் யானையின் முதுகுபோல் வளைந்து தோன்றும். அதனாலேயே தூங்கானைமாடம் எனப் பெயர் பெற்றது. ஊர்ப்பெயரையே பெண், ஆ, கடம் எனப் பிரித்து, கன்னியரும் பசுவும் யானையும் வழிபட்ட இடம் என்பர். அம்மாவுக்கு இவ்விளக்கமெல்லாம் தெரியாது. உறங்கும் யானைக்குப் பேர்போன ஊர், உறங்குவதற்குரிய தலையணை. அவர்கள் கணக்கு அவ்வளவே.

நம் அத்தா அவர்கள் 1980இல் நாகப்பட்டினத்தில் 'எம்.வி. சிதம்பரம்' கப்பலேறிச் சிங்கப்பூர் சென்றார்கள். அப்போது நமக்கு மூன்று மாதம். அம்மாவுக்கு எழுதத் தெரியாது. அண்டைவீட்டுப் பள்ளிச் சிறுவன் ஒருவனே கடிதம் எழுதுவான். அவன் காதில் விழத்தக்கவை மட்டுமே கடிதத்தில் ஏறும். எஞ்சியவை எங்கே போயின என்று நாம் ஒருபோதும் எண்ணிப் பார்த்ததில்லை. அடுத்த ஆண்டு ஊர் வந்து திரும்பிய சபராளி ஒருவரிடம் யானை உறையை அம்மா கொடுத்தனுப்பினார்கள். இணை உறை முடியுமுன் அவர் புறப்பட்டுவிட்டார். 2016இல் அத்தா மறைந்தபின், அவர்களுடைய இரும்புப் பெட்டியின் அடியில் அந்த உறை கிடைத்தது.

உள்ளபடி சொன்னால், ஆய்வுப் பட்டம் பெற்ற நமக்கு ஊசிவேலையில் மதிப்பு இருந்ததில்லை. ஆயினும் அயலூரில் பிள்ளைகள் பள்ளி சென்றபின் வீடு நீளமாகிவிடும். உறையை ஒரு பையிலிட்டுக்கொண்டு ஊர்பார்க்கப் புறப்படுவதை வழக்கமாக்கிக் கொண்டோம். தெலுக் ஆயர் தெருவில் 1828 முதல் 1830 வரையில் நம் முன்னோர் எழுப்பிய நாகூர் தர்கா நினைவிடத்தைக் கண்டோம். கம்போங் கிளாமில் 1932இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் பள்ளிவாசலின் பொற்குவிமாடத்தை அண்ணாந்து பார்த்தோம். அதன் அடியில் கரிய பட்டை போல் தெரிவது வரிசையாகப் பதித்த கண்ணாடிப் புட்டிகளின் அடிப்பாகம். பொன் கொடுக்க இயலாத ஏழை முஸ்லிம்களும் பங்கு கொள்ளட்டும் என்று புட்டிகளைச் சேகரித்தார்களாம். குவிமாடத்தைவிட அப்பட்டையையே நாம் நெடுநேரம் பார்த்து நின்றோம். அருகிலுள்ள அரபுத் தெருவில் யானைக்கேற்ற சாம்பல் நிற நூலைத் தேடி நான்கு கடை ஏறி இறங்கினோம்.

மாடிக்குடியிருப்பின் கீழே மாலைதோறும் அமரும் மலாய் மூதாட்டி ஒருவர் நமக்கு ஆசிரியரானார். 'மக்சிக்' என்று அழைப்போம். கபாயாச் சட்டைகளில் பூத்தையல் போட்டுப் பழகிய கை. அவர் நம் துணியை வாங்கியவுடன் முன்புறம் பார்க்கமாட்டார். திருப்பிப் பின்புறத்தையே பார்ப்பார். அங்கே நூல் தாவியிருந்தால் பேச்சின்றிப் பிரித்துவிடுவார். ஒரு திங்கள் முழுதும் நம் யானைக்கு ஒரு காதுகூட நிலைக்கவில்லை.

விக்டோரியா தெருவிலுள்ள தேசிய நூலகத்தில் ஒருநாள் சாங்கிச் சிறைப் பெண்களின் மெத்தைவிரிப்புகளைப் பற்றிப் படித்தோம். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. சிறைப்பட்ட ஐரோப்பியப் பெண்கள் ஒருபுறமும் ஆடவர் வேறிடங்களிலும் அடைக்கப்பட்டனர். யார் உயிரோடிருக்கிறார் என்பதை அறிய வழியில்லை. எத்தல் முல்வனி என்னும் கனடா நாட்டுப் பெண்மணி முன்னின்று, ஆளுக்கொரு சதுரத் துணியில் தைக்கச் செய்து, மூன்று விரிப்புகளை உருவாக்கினார். ஒவ்வொன்றிலும் 66 சதுரங்கள். இராணுவ மருத்துவமனைக்கு என்று அனுப்பப்பட்ட அவ்விரிப்புகளில், தைத்தவர் பெயரும் இருந்தது. சிறையில் மகனை ஈன்ற ஒரு தாய் முயற்குட்டியைத் தைத்து, ஆண்மகவு என்று கணவர் அறிய அதற்கு நீலநாடா அணிவித்தாராம்.

அப்பக்கத்தை விட்டு நகர இயலவில்லை. அம்மாவின் யானையில் நமக்கு விளங்காத ஒன்று இருந்தது. துதிக்கைக்குக் கீழே, வெண்ணூலால் நான்கு முடிச்சுகள். கார்பன் படியில் அவை இல்லை. நூல் மிச்சத்தைத் தீர்க்க இட்டவை என்றே இதுகாறும் நினைத்திருந்தோம்.

அன்றிரவே தொலைபேசியில் கேட்டோம்.

"அது பல்லு புள்ள. ஒனக்கு அப்ப நாலு பல்லு மொளச்சிருந்திச்சு. இதையெல்லாமா எழுதுவாங்கன்னு கடுதாசி எழுதுற பையன் சிரிச்சான். அதான் தச்சு விட்டேன்."

"அத்தாவுக்கு அது புரிஞ்சுதாம்மா?"

"யாரு கண்டா. நானும் கேக்கல, அவங்களும் சொல்லல."

தூது இலக்கியம் நடத்தாத ஆண்டு நமக்கில்லை. உமாபதி சிவாசாரியாரின் நெஞ்சுவிடு தூது தொடங்கி, கிளி, மேகம், தமிழ், பணம், புகையிலை எனத் தூது சென்ற பொருள்களையெல்லாம் கரும்பலகையில் வரிசையாக எழுதியிருக்கிறோம். நம் பல்முளைத்த செய்தியைச் சுமந்து கடல்கடந்த தூதை மட்டும் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்தோம்.

அவ்வுறையை வெளிச்சத்தில் விரித்து மீண்டும் பார்த்தோம். எண்ணெய்க் கறை இல்லை. அத்தா ஒருநாளும் அதில் தலைவைத்துப் படுத்ததாகத் தெரியவில்லை. பொருள் விளங்கியதால் காத்து வைத்தார்களா? யானைத் தலையணையைக் கண்டால் உடன் தங்கியிருந்தோர் நகைப்பர் என்று ஒளித்து வைத்தார்களா? இனி யாரிடம் கேட்பது?

இரண்டாம் யானை 2019இல் முடிந்தது. முடிச்சுகள் எவற்றையும் நாம் இடவில்லை. இடத் துணிவு வரவில்லை. ஊர் திரும்பி அம்மாவிடம் கொடுத்தோம். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, துணியைத் திருப்பிப் பின்புறத்தைப் பார்த்தார்கள்.

"காதுகிட்ட நூல இழுத்துட்ட" என்றார்கள்.