மணிக்கு மூன்று மைல்

பயணம் என்ற சொல்லைக் கேட்டதும் நம்முள் எழும் முதல் வினா, "எத்தனை இடங்கள்?" என்பதே. ஒரு வார விடுமுறையில் பத்து ஊர்களைக் கண்டு திரும்பியவரைக் கெட்டிக்காரர் என்கிறோம். ஒரே ஊரில் தங்கித் திரும்பியவர் காலத்தை வீணாக்கிவிட்டதாக எண்ணுகிறோம். இந்த எண்ணத்திற்குச் சிறிதும் இடங்கொடாத பயணம் ஒன்று உண்டு. இங்கிலாந்தின் பழைய கால்வாய்களில், வாடகைப் படகில், குடும்பமாகச் செல்லும் பயணமே அது. அத்தகைய பயணத்திற்குத் திட்டம் வகுத்த ஒரு குடும்பத்தின் நடுவே சில மாலைகள் அமர்ந்திருக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அங்கே நான் கண்டதை அன்பு வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

2019ஆம் ஆண்டு கோடையில், இங்கிலாந்தின் நடுப்பகுதியிலுள்ள ஒரு பங்கில், விடுப்பில் சென்றிருந்த பங்குத்தந்தைக்கு மாற்றாக ஆறு வாரங்கள் பணியாற்றினேன். ஆலயத்திற்கு அடுத்த தெருவில் வாழ்ந்த ஒரு குடும்பத்தினர் வாரம் இருமுறை என்னை இரவு உணவுக்கு அழைத்தனர். எழுபத்தைந்து வயதுத் தாத்தா, அவருடைய மகன், மருமகள், செவிலியராகப் பணிபுரிந்த மகள், பதினான்கு வயதுப் பேரன், ஒன்பது வயதுப் பேத்தி ஆக அறுவர். பாட்டியார் காலமாகி அப்போது ஓராண்டு நிறைவுற்றிருந்தது. செப்டம்பர் மாதத்தில் ஒரு வாரம் அனைவரும் படகில் செல்வதென்று முடிவாகியிருந்தது. உணவு முடிந்ததும் மேசைமேல் கால்வாய் வரைபடம் விரியும். யார் பக்கமும் சாராதவன் என்பதால் பென்சிலை என் கையில் கொடுத்தனர்!

அக்கால்வாய்கள் உல்லாசத்திற்காக வெட்டப்பட்டவை அல்ல. 1761ஆம் ஆண்டில் பிரிட்ஜ்வாட்டர் பிரபு தம் சுரங்கத்து நிலக்கரியை வோர்ஸ்லியிலிருந்து மான்செஸ்டர் நகருக்குக் கொண்டுசெல்லக் கால்வாய் திறந்தார். ஜேம்ஸ் பிரிண்ட்லி என்னும் பொறியாளர் அதில் பணியாற்றினார். மான்செஸ்டரில் நிலக்கரியின் விலை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அதன்பின் நாடெங்கும் கால்வாய்கள் பெருகின. கரையில் குதிரை நடக்க, கயிற்றின் மறுமுனையில் படகு நகர்ந்தது. இரயில் வந்தபின் கூலி குறையவே, படகோட்டிகள் பலர் வீட்டை விட்டு மனைவி மக்களோடு படகிலேயே குடியேறினர். சுமார் பத்தடி நீளமுள்ள ஒரே அறையில் சமையல், உறக்கம், பிள்ளைப்பேறு யாவும் நிகழ்ந்தன. அப்பிள்ளைகளின் நலனுக்கும் கல்விக்குமாக ஜார்ஜ் ஸ்மித் என்பவர் போராடியதன் பயனாக 1877லும் 1884லும் சட்டங்கள் இயற்றப்பட்டன. 1962-63ஆம் ஆண்டுகளின் கடுங்குளிரில் கால்வாய்கள் வாரக்கணக்கில் உறைந்து கிடந்தன. அத்துடன் சரக்குப் படகுத் தொழில் பெரும்பாலும் முடிவுற்றது.

கால்வாய்கள் தூர்ந்து மறையாமல் காத்தவர்கள், அவற்றை நேசித்த எளிய மக்கள். ரோல்ட் என்பவர் தம் படகு வாழ்வைப் பற்றி 1944இல் ஒரு நூல் வெளியிட்டார். 1946இல் அவரும் ராபர்ட் எய்க்மன் என்பவரும் கால்வாய்களைக் காக்க ஒரு சங்கம் தொடங்கினர். தன்னார்வத் தொண்டர்கள் சேற்றில் இறங்கி உழைத்தனர். 2012 முதல் ஓர் அறக்கட்டளை இங்கிலாந்திலும் வேல்ஸ் நாட்டிலுமாக இரண்டாயிரம் மைல் நீர்வழிகளைப் பராமரித்து வருகிறது.

இனி, படகைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதன் பெயர் நேரோபோட். ஒடுங்கிய படகு என்பது பொருள். அகலம் ஏழடிக்கும் சற்றுக் குறைவு. நீளமோ எழுபதடி வரை போகும். நம் வீட்டு நடையொன்றை அப்படியே நீரில் மிதக்கவிட்டாற்போலத் தோன்றும். உள்ளே அடுப்பு, குளியலறை, கட்டில்கள் எல்லாம் வரிசையாக அமைந்திருக்கும். பகலில் உணவு மேசையாக இருப்பது இரவில் படுக்கையாகும். விடுமுறைக்குப் படகெடுப்போர் ஓட்டுநர் உரிமம் பெறத் தேவையில்லை. படகுத்துறையில் பயிற்சியளித்துச் சாவியைக் கையில் தருவார்கள். சுக்கான் தண்டை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் திரும்பும். பிரேக் என்பதே கிடையாது. இயந்திரத்தைப் பின்னோக்கி ஓட்டித்தான் நிறுத்த வேண்டும். எதிர்ப்படும் படகுக்கு வலப்பக்கமாக ஒதுங்க வேண்டும். வேக வரம்பு மணிக்கு நான்கு மைல். கரையில் கட்டியுள்ள படகுகளைக் கடக்கும்போது அதனினும் குறைத்தாக வேண்டும். ஆகவே மணிக்கு மூன்று மைல் என்று கணக்கிடுவதே வழக்கம். அது மனிதன் நடக்கும் நடை!

நிலம் ஏறி இறங்கும் இடங்களில் லாக் எனப்படும் தொட்டிகள் உள்ளன. இரு முனையிலும் கனத்த கதவுகள் கொண்ட கற்றொட்டி அது. படகு உள்ளே நுழைந்ததும் கதவை அடைத்து, விண்ட்லஸ் என்னும் இரும்புக் கைப்பிடியால் ஷட்டரைத் திறந்தால் நீர் ஏறும் அல்லது இறங்கும். படகும் உடன் ஏறி இறங்கும். வேலை முழுவதும் பயணிகளுடையது. கவனமும் வேண்டும். மேற்கதவின் அடியில் கல்லாலான வாசற்படியொன்று நீருக்குள் மறைந்திருக்கும். நீர் வடியும்போது படகின் பின்புறம் அதன்மேல் சிக்கிக்கொண்டால் முன்புறம் தாழ்ந்து படகே மூழ்கிவிடக்கூடும்.

திட்டமிடுவோர்க்கு ஓர் எளிய சூத்திரம் உண்டு. ஒரு மைல் கடக்க இருபது நிமிடம். ஒரு லாக்கைக் கடக்கவும் ஏறத்தாழ அதே நேரம். ஆகவே மைல்களையும் லாக்குகளையும் கூட்டி மூன்றால் வகுத்தால், எத்தனை மணிநேரம் என்பது தெரிந்துவிடும்.

மகன் தேர்ந்த வழி "நான்கு மாவட்டச் சுற்று" என்பது. 110 மைல், 94 லாக்குகள். ஹேர்காஸ்ல் என்னுமிடத்தில் மலைக்குள் ஒன்றரை மைலுக்கும் மேற்பட்ட இருட்டுச் சுரங்கமும் அதில் உண்டு. நான் கூட்டி வகுத்தேன். இருநூற்று நான்கை மூன்றால் வகுக்க அறுபத்தெட்டு மணிநேரம். சனிக்கிழமை பிற்பகலில் படகைப் பெற்று, மறு சனிக்கிழமை காலையில் ஒப்படைக்க வேண்டும். நடுவில் முழு நாட்கள் ஆறு. நாளொன்றுக்குப் பதினோரு மணிநேரத்துக்கும் மேலாகிறது! இருட்டியபின் வாடகைப் படகை ஓட்டலாகாது என்பது விதி. உடல் வலிமை மிக்க இளைஞர் குழு இதைச் செய்து முடிக்கும், பலர் செய்திருக்கின்றனர். இந்தக் குடும்பத்தால் முடியுமா?

மகன் விட்டுக்கொடுக்கவில்லை. "விடியற்காலையில் புறப்பட்டுவிடலாம், ஃபாதர்" என்றார். சற்று நேரம் கழித்து, தந்தையின் முகத்தைப் பாராமலே, "அப்பாவுக்கு இதயச் சிகிச்சை நடந்து எட்டு மாதந்தான் ஆகிறது. அவரால் இதைத் தாங்க இயலாது. அந்த ஒரு வாரம் அத்தை வீட்டில் இருக்கட்டும்" என்றார். மேசையைச் சுற்றி அமைதி சூழ்ந்தது. தாத்தா எதிர்ப்பேதும் சொல்லவில்லை. "அதுவே நல்லது" என்று எழுந்து தம் அறைக்குச் சென்றார். பேத்தி அவர் பின்னே ஓடினாள்.

மகனைக் கல்மனம் படைத்தவர் என்று வாசகர்கள் எண்ணிவிட வேண்டாம். மருமகள் பின்னர் எனக்கு விளக்கினார். பெற்றோர் மணமுடித்த மறு ஆண்டு, 1971இல், அதே சுற்றைத்தான் படகில் வலம் வந்தனராம். தாய் இறந்த ஆண்டு நினைவாக அதே சுற்றை முடிக்க வேண்டும் என்பது மகனின் ஆசை. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. தாய்க்குச் செய்யும் மரியாதைக்காகத் தந்தையை வீட்டில் விட்டுச் செல்லும் நிலைக்கு அந்தத் திட்டம் அவரைக் கொண்டுவந்துவிட்டது. அன்புதான் காரணம். ஆனால் அந்த அன்பு வரைபடத்தின்மீது நின்றதேயன்றி, வீட்டிலிருந்தவர் பக்கம் திரும்பவில்லை.

அடுத்த முறை நான் சென்றபோது தாத்தாவும் மேசையருகே இருந்தார். மகள் வற்புறுத்தி அமர்த்தியிருந்தார். "உங்களுக்கு என்ன விருப்பம் என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லையே, அப்பா!" என்றார் அவர். முதியவர் நெடுநேரம் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "லாக் வந்தால் உங்கள் அம்மா இறங்கிக் கதவைத் தள்ளுவாள். நான் சுக்கானைப் பிடித்திருப்பேன். எத்தனை மைல் போனோம் என்பது எனக்கு நினைவில்லை. அவள் கதவின்மேல் சாய்ந்து நின்று தேநீர் கேட்டது நினைவிருக்கிறது. அந்தச் சுற்றை ஓடி முடித்துக்காட்ட வேண்டியதில்லை. எல்லாரும் இருக்கும் படகில் ஓரிடம் கொடுத்தால் போதும்."

மகன் பென்சிலை என்னிடமிருந்து வாங்கி, தாம் வரைந்த கோட்டைத் தாமே அழித்தார்.

அதன்பின் திட்டம் தலைகீழாக மாறியது. "எவ்வளவு தூரம்?" என்று தொடங்காமல், "தாத்தா நாளொன்றுக்கு எத்தனை மணிநேரம் களைப்பின்றி இருப்பார்?" என்று தொடங்கினர். நான்கு மணி, மிஞ்சினால் ஐந்து மணி என்றார் செவிலியரான மகள். அந்த அளவுக்குள் அடங்கும் வழியைத் தேடினர். வேல்ஸ் எல்லையில் உள்ள சர்க் என்னும் ஊரில் படகெடுத்து, லங்கோலன் வரை சென்று திரும்பி, பின் மறுதிசையில் எல்ஸ்மியர் ஏரிகள் வரை போய் வருவதென்று முடிவாயிற்று. போகவரச் சுமார் நாற்பது மைல். சர்க்குக்கும் லங்கோலனுக்கும் இடையே லாக் ஒன்றுகூட இல்லை. எல்ஸ்மியர் வழியில் இரண்டே இரண்டு. பேரனின் ஆசைக்கு அவை போதும். மொத்தம் பதினைந்து மணிநேரத்தில் அடங்கிவிடும். மிச்சமிருந்த நேரத்தை எதைக் கொண்டும் நிரப்பவில்லை. மழை வந்தால் தங்குவதற்கென ஒரு நாளையும் வெறுமையாக விட்டனர்.

சிறிய வழியாயினும் அதன் சிறப்பு பெரிது. டீ ஆற்றின்மேல் பொன்ட்கசுல்த்தே என்னும் தொட்டிப்பாலம் அங்கே உள்ளது. தாமஸ் டெல்ஃபோர்டும் வில்லியம் ஜெசப்பும் அமைத்த அப்பாலம் 1805இல் திறக்கப்பட்டது. ஆயிரம் அடி நீளம். 126 அடி உயரம். கற்றூண்களின்மேல் இரும்புத் தொட்டி, தொட்டியில் நீர், நீரில் படகு. ஒரு பக்கம் நடைபாதையும் கைப்பிடியும் உண்டு. மறுபக்கம் தடுப்பே இல்லை. தொட்டியின் விளிம்பைத் தாண்டினால் வெறும் ஆகாயம்! 2009 முதல் அது உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்று. பாலத்தைக் கடந்து லங்கோலனை நெருங்குகையில், ஒரு படகு மட்டுமே செல்லக்கூடிய குறுகிய இடங்கள் வருகின்றன. எதிரே படகு வருகிறதா என்று ஒருவர் கரையில் முன்னே நடந்து பார்த்துச் சொல்ல வேண்டும். அப்பணி பேத்திக்கு ஒப்படைக்கப்பட்டது. உடன் செல்வது அத்தை.

சின்னஞ்சிறு முடிவுகளிலும் அந்தப் புதிய கணக்கு புகுந்தது. படகின் பின்தளம் பலவகைப்படும். பழைய வகையில் சுக்கான் பிடிப்பவர் ஒருவரே நிற்க இடமுண்டு, காண அழகானது. மற்றொன்று அகன்றது, மூவர் நால்வர் சேர்ந்து நிற்கலாம். மகன் பழையதை விரும்பினார். "தாத்தா தனியாக நிற்பாரே, அப்பா!" என்றான் பேரன். அகன்ற தளமே தேர்வாயிற்று. மடிக்கத் தேவையில்லாத ஒரே கட்டில், குளியலறைக்கு அருகில் இருப்பது, தாத்தாவுக்கு. பிள்ளைகளுக்கு அவரவர் அளவில் மிதவை அங்கி. கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி உண்டா என்று மகள் விசாரித்துக்கொண்டார். மருமகளோ, "விடுமுறை உங்களுக்கு, அடுப்படி எனக்கா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். சிரிப்பில் உண்மை இருந்தது. சமையல் முறைப்பட்டியல் ஒன்று உடனே எழுதப்பட்டது. அதில் மகன் பெயர் இருமுறை வந்தது!

அவர்கள் புறப்படுமுன் நான் ஊர் திரும்பிவிட்டேன். அக்டோபரில் மருமகளிடமிருந்து மடல் வந்தது. ஒரு நாள் முழுவதும் மழை கொட்டியதாம்; லங்கோலன் துறையிலேயே படகைக் கட்டிவிட்டுச் சீட்டாடினார்களாம். தொட்டிப்பாலத்தின்மேல் சுக்கானைத் தாத்தாவே பிடித்திருந்தாராம். எல்ஸ்மியர் வழியிலிருந்த லாக்கில் பேரன் கதவைத் தள்ளிவிட்டு அதன்மேல் சாய்ந்து நின்றபோது, அவர் உள்ளே போய்த் தம் கையால் தேநீர் கலந்து அவனுக்குக் கொண்டுவந்து கொடுத்தாராம். வேறெதையும் அவர் எழுதவில்லை. எழுதவும் தேவையில்லை.

குடும்பமாகப் பயணம் செல்லத் திட்டமிடும் பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். ஊர்களின் பெயர்ப்பட்டியலை எழுதுமுன், உடன் வருவோரின் பெயர்ப்பட்டியலை எழுதுங்கள். அவர்களுள் மிக மெதுவாக நடப்பவர் யாரோ அவருடைய நடையை முதலில் அளந்துகொள்ளுங்கள். தூரத்தை அதன்பின் முடிவு செய்யலாம். சில இடங்கள் விட்டுப்போகும். போகட்டும், வீட்டில் ஒருவரும் விட்டுப்போகாதிருந்தால் போதும்.