நிறைகோலில் ஆசிரியர்

நல்லாசிரியருக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் ஆகியவற்றை உவமையாக்கியது நன்னூல். இன்று அந்நிறைகோலில் ஆசிரியரே நிறுக்கப்படுகிறார். எட்டாம் வகுப்புவரை கற்பிக்க வருவோர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெறுதல் வேண்டும் என 2010இல் விதி வகுக்கப்பட்டது. அதற்குமுன் பணியேற்றோர்க்கும் அத்தேர்ச்சி தேவை என 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது; ஓய்வுபெற ஐந்தாண்டுகளுக்கு மேல் உள்ளோர்க்கு இரண்டாண்டுக் காலம் தந்தது.

இருபதாண்டுகள் கற்பித்த ஒருவர், பகலெல்லாம் வகுப்பெடுத்து, இரவில் தேர்வுக்குப் படிக்கிறார். தவறினால் பணி நிலைக்காது. தயங்கி நிற்கும் குழந்தையின் முகக்குறிப்பை உணரும் திறனை 150 வினாக்கள் அளந்துவிடுமா என அவர் கேட்பதில் நியாயம் உண்டு. எனினும், கற்பதை நிறுத்தியவர் கற்பிப்பது எங்ஙனம்? தேர்வைக் கேட்கும் அரசு, அதற்குரிய பயிற்சியையும் தரட்டும். தேர்வறையின் அச்சத்தை மீண்டும் அறிந்தவர், தம் மாணவரின் அச்சத்தையும் அறிவார்.