கப்ஸ் கோயிலுக்கு எதிரே

புதுச்சேரி

அன்புள்ள மாலதி,

மூட்டுவலி தேவலையா? தைலத்தை விட்டுவிடாதே.

ஒரு சமாச்சாரம் கேள். துய்மா வீதி கப்ஸ் மாதா கோயிலுக்கு நீயும் நானும் எத்தனை தரம் போயிருப்போம்! எதிர்ப்பக்கம் ஒரு பழைய கல்லறைத் தோட்டம் இருக்கிறதடி. பூட்டிய கேட்டைப் பார்த்து யாரோ துரை வீட்டுத் தோட்டம் என்று நினைத்திருப்போம். சாவி வைத்திருந்த பெரியவரிடம் கெஞ்சி உள்ளே போனேன். காரை உதிர்ந்த சமாதிகள், செங்கல் இடுக்கில் முளைத்த அரசங்கன்று, எழுத்து தேய்ந்த கல்லின் மேல் தலையாட்டும் ஓணான்.

அங்கே ஓரளவு நன்றாக இருப்பது ஒரு சமாதிதான். யாருடையது தெரியுமா? பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி! லால் பகதூர் சாஸ்திரி வீதி என்று பெயர் மாற்றியும் ஊர் இன்னும் புஸ்ஸி வீதி என்கிறதே, அதே புஸ்ஸி. 1750-ல் செஞ்சிக் கோட்டையைப் பிடித்தவர். அடுத்த வருஷம் ஹைதராபாத் நிஜாமாக சலாபத் ஜங்கை உட்கார வைத்தவர். இவர் சொன்னால் சிம்மாசனம் கைமாறும்.

வம்பு இனிமேல்தான். அப்போது இங்கே கவர்னராக இருந்த துய்ப்ளேக்ஸின் பெண்டாட்டி ழான் அம்மாள் லேசுப்பட்டவளா? தன் மகள் ஷோன்ஷோனை புஸ்ஸிக்குக் கொடுக்க நிச்சயம் பண்ணியிருந்தாள். 1754-ல் துய்ப்ளேக்ஸுக்குப் பதவி போயிற்று, குடும்பம் கப்பலேறியது, கல்யாணமும் நின்றது. கவர்னர் வீட்டுப் பெண் என்றால்தானே மாப்பிள்ளைக்கு இனிக்கும்! இது என் ஊகம்தான், யாரிடமும் சொல்லிவிடாதே.

1760-ல் வந்தவாசியில் புஸ்ஸி இங்கிலீஷ்காரன் கையில் சிக்கினார். பிறகு பிரான்சுக்குப் போய்ச் சுகமாக இருந்தவரை வயசான காலத்தில் மறுபடி அனுப்பினார்கள். 1783-ல் கடலூரில் இவரை இங்கிலீஷ்காரன் முற்றுகையிட்டான். சமாதானச் செய்தி வந்ததால் சண்டை நின்றது. 1785 ஜனவரியில் இங்கேயே கண்ணை மூடினார்.

முதல் உலகப் போரில் செத்த நம் ஊர்ச் சொல்தாக்களுக்கு, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய்களுக்கு, கடற்கரையில் இருக்கும் நினைவுச் சின்னத்துக்கு ஜூலை 14 வந்தால் விளக்கும் மலர்வளையமும் உண்டு. அது நியாயம்தான். இந்தக் கல்லறைத் தோட்டத்திலும் வருஷத்துக்கு ஒருதரம் புல்லையாவது வெட்டலாம். நாடு பிடிக்க வந்தவன்தானே என்பாய். சரி, ஆனால் சுற்றிக் கிடக்கும் பேர் தெரியாதவர்கள் என்ன பாவம் செய்தார்கள்?

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அதற்குள் முழங்காலைச் சரிபண்ணிக்கொண்டு வந்து சேர். பெரியவரிடம் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

உன்,
சரோஜா