மூலையில் ஒரு கையெழுத்து

நுழையும்முன்

தாம் செய்த வேலைகளைப் பிறர் காணுமாறு தொகுத்து வைப்பது கலைஞர்களின் நெடுநாளைய வழக்கம். இன்று அத்தொகுப்பு இணையத்தில் இடம்பெறுகிறது. எதைச் சேர்ப்பது, எதை விடுப்பது, எதைத் தமது என்று சொல்வது? இக்கேள்விகளுக்கு வரைகலை வடிவமைப்பாளர் ஒருவர் தம் வாழ்விலிருந்து விடை தேடுகிறார்.

சுவரும் சுண்ணாம்பும்

பாளையங்கோட்டையில் எங்கள் தெருமுனையில் நீண்ட சுற்றுச்சுவர் ஒன்று இருந்தது. அதில் என் தந்தையார் எழுதிய ஜவுளிக்கடை விளம்பரத்தைப் பார்த்துத்தான் நான் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றேன். நீலப்பொடி தடவிய நூலைச் சுவரில் இழுத்துத் தட்டிக் கோடு போடுவார். பிறகு அளவுகோல் எதுவுமின்றி, இரண்டடி உயர எழுத்துகளை ஒரே மூச்சில் எழுதி முடிப்பார். 'ழ'கரத்தின் வளைவில் மட்டும் அவருடைய தூரிகை சற்றே நின்று திரும்பும்.

வேலை முடிந்ததும் வலப்புறக் கீழ்மூலையில் தம் பெயரின் முதலெழுத்தையும் தேதியையும் மிகச் சிறிதாக எழுதுவார். "கடைக்காரர்தான் காசு கொடுத்துட்டாரே, இது எதுக்குப்பா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தப்பு இருந்தா யாரைக் கேக்கணும்னு தெரிய வேண்டாமாலே?" என்றார்.

அந்த விடையின் பொருள் எனக்கு அப்போது விளங்கவில்லை. கையெழுத்து என்பது பெருமைக்குரியது என்றே நான் எண்ணியிருந்தேன்.

மழைக்காலம் முடிந்தால் சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். ஓராண்டு உழைப்பு ஒரே பகலில் வெள்ளையாகிவிடும். பின்னர் பிளக்ஸ் பதாகைகள் வந்தன. நாள்கணக்கில் எழுத வேண்டியதை இயந்திரம் ஒரு மணி நேரத்தில் அச்சிட்டுத் தந்தது. என் தந்தையாரின் தூரிகைகள் மண்ணெண்ணெய்க் குவளையிலேயே விறைத்துப்போயின. முப்பதாண்டுகள் ஊரெங்கும் எழுதியவரின் வேலைக்குச் சான்றாக எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஓர் ஒளிப்படம். அதிலும் பாதிப் பலகையை மறைத்துக்கொண்டு ஐந்து வயதுச் சிறுவனாக நான் நின்றுகொண்டிருந்தேன்.

நாற்பத்திரண்டு படைப்புகள்

நான் வரைகலை பயின்றேன். படிப்பு முடிந்ததும் எனக்கென ஓர் இணையப் படைப்புத்தொகுப்பை உருவாக்கினேன். தந்தையாருக்கு நேர்ந்தது எனக்கு நேரக்கூடாது என்னும் எண்ணத்தில் ஒன்றையும் விடாமல் ஏற்றினேன். கல்லூரிப் பயிற்சிகள், கோயில் கொடைவிழா அழைப்பிதழ்கள், ஆயத்த வார்ப்புருவில் பெயரை மட்டும் மாற்றிச் செய்த சின்னங்கள், நண்பர்கள் சிலரோடு சேர்ந்து உருவாக்கிய நாடகச் சுவரொட்டி என மொத்தம் 42 படைப்புகள். முகப்பில் என் பெயர் மின்னி மின்னித் தோன்றுமாறு அமைத்தேன்.

சென்னையில் ஒரு வடிவமைப்பு நிறுவனம் நேர்காணலுக்கு அழைத்தது. அந்நிறுவனத்தின் வடிவமைப்புத் தலைவர் ஒரு பெண்மணி. அவர் என் தொகுப்பைத் தம் கைப்பேசியில் திறந்தார். படங்கள் வருவதற்குள் அவர் தேநீரை அருந்தி முடித்துவிட்டார். அச்சுக்காக அங்குலத்திற்கு 300 புள்ளிகள் என்னும் அளவில் சேமித்த கோப்புகளை நான் அப்படியே ஏற்றியிருந்தேன். ஒருவழியாகத் தோன்றிய நாடகச் சுவரொட்டியில் அவர் விரல் நின்றது.

"இது நீங்கள் செய்ததா?"

"ஆமாம்" என்றேன்.

"இதையே சென்ற வாரம் வேறொருவர் தொகுப்பிலும் பார்த்தேன். அவர், படம் மட்டும் தம்முடையது என்றார்" என்று அமைதியாகச் சொன்னார். பிறகு, "இந்த நாற்பத்திரண்டில் நீங்கள் எடுத்த முடிவு எது? அதை மட்டும் காட்டுங்கள்" என்றார்.

சுவரொட்டியில் எழுத்து மட்டுமே என்னுடையது. படம் என் நண்பனுடையது. அதை அவன் சொல்லியிருக்கிறான், நான் சொல்லவில்லை. நா எழாமல் அமர்ந்திருந்தேன். அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் அது நியாயமும் ஆகாது.

கோவில்பட்டி கற்பித்த பாடம்

அன்றிரவு நெல்லை விரைவுவண்டியில் ஊர் திரும்பினேன். உறக்கம் வரவில்லை. விடியலில் வண்டி கோவில்பட்டியில் நின்றது. அவ்வூர்ப் பெயர்ப்பலகையைக் கண்டதும் எங்கள் பாட்டி வீட்டுப் பூசையறையில் சட்டமிட்டு மாட்டியிருந்த பழைய நாள்காட்டிப் படம் நினைவுக்கு வந்தது.

அதை வரைந்தவர் ஓவியர் கொண்டைய ராஜு. 1898இல் பிறந்த அவர் சென்னைக் கலைப்பள்ளியில் பயின்றவர். நாடகக் குழுக்களுக்குத் திரைச்சீலைகள் தீட்டியவர். பின்னர்க் கோவில்பட்டியில் தங்கி, 1976இல் மறையும்வரை அங்கேயே வாழ்ந்தார். கோவில்பட்டி அந்நாளில் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அவர் தீட்டிய தெய்வப் படங்கள் சிவகாசியில் அச்சாகி, நாள்காட்டிகளாகத் தமிழ்நாட்டு வீடுகளின் சுவர்களை அடைந்தன. கண்காட்சிக் கூடம் இன்றியே இலட்சக்கணக்கானோர் அவருடைய ஓவியத்தை நாள்தோறும் கண்டனர். அக்காலத்தில் வீட்டுச் சுவரே அவருடைய படைப்புத்தொகுப்பு.

ஆனால், அன்று என் நெஞ்சைத் தைத்தது அவருடைய புகழன்று. அப்படங்கள் சிலவற்றின் மூலையில் இரண்டு பெயர்கள் இருக்கும். ஒன்று கொண்டைய ராஜுவுடையது. மற்றொன்று அவருடைய மாணவருடையது. தம்மோடு உழைத்தவரின் பெயரைச் சேர்த்து எழுதியதால் ஆசிரியரின் பெயர் சிறுத்துவிடவில்லை. நானோ, என்னோடு உழைத்தவனின் பெயரை விழுங்கிவிட்டு வந்திருக்கிறேன். தந்தையார் அன்று சொன்ன விடையும் எனக்கு அப்போதுதான் விளங்கியது. மூலையில் இடும் கையெழுத்து பெருமைக்கு மட்டும் உரியதன்று, அது பொறுப்பேற்பு. 'இந்த வேலையைப் பற்றிக் கேட்க வேண்டுமானால் என்னைக் கேளுங்கள்' என்னும் உறுதிமொழி.

வண்டியை விட்டு இறங்கியதும் நண்பனை அழைத்து நடந்ததைச் சொன்னேன். அவன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "பெயரைப் போட்டுடு, போதும்" என்றான்.

பாய் எங்கே?

நாற்பத்திரண்டையும் நீக்கினேன். ஒவ்வொன்றையும் எடுத்துவைத்து, 'இதில் நான் எதைத் தீர்மானித்தேன்?' என்று கேட்டுக்கொண்டேன். விடையளிக்க முடிந்தவை ஐந்தே. தொகுப்பு நிறைய வேண்டும் என்னும் ஆசையை அடக்கி, உண்மையான தேவையொன்றைத் தேடிப் புறப்பட்டேன்.

அது பத்தமடையில் கிடைத்தது. தாமிரபரணிக் கரையில் விளையும் கோரையைக் கீறி, ஆற்றுநீரில் ஊறவைத்து, மெல்லிய இழைகளாக்கிப் பாய் நெய்யும் ஊர் அது. மணமக்களின் பெயர்களையே பாயில் நெய்து தருவர். புவிசார் குறியீடு பெற்ற அப்பாயை நெய்யும் பெண்மணி ஒருவருக்கு அடையாளச் சீட்டு வடிவமைக்க முன்வந்தேன். முதல் மாதிரியில் பெரிய கோபுரமும் ஆறும் வரைந்து எடுத்துச் சென்றேன். அவர் நெடுநேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. பாய் எங்கே?" என்றார்.

அதன்பின் வரைவதை நிறுத்திவிட்டுக் கவனிக்கத் தொடங்கினேன். கடையில் பாய்கள் சுருட்டியே வைக்கப்படுகின்றன. சுருட்டிய பாயில் அதன் நெசவு நயமோ கரையின் வண்ணமோ தெரிவதில்லை. மெல்லிழைப் பாயும் சாதாரணப் பாயும் தொலைவிலிருந்து ஒன்றுபோலவே தோன்றுகின்றன. வாங்குவோர், "இதற்கா இவ்வளவு விலை?" என்று கேட்டுவிட்டு நகர்கின்றனர். எனவே அழகான படமன்று, அவருக்குத் தேவைப்பட்டது. உள்ளே இருப்பதை வெளியே காட்டும் ஒரு வழி. பாயைச் சுற்றிக் கட்டும் காகிதப் பட்டை ஒன்றை அமைத்தேன். அதில் அப்பாயின் கரை வடிவத்தையும் இழைகளின் நெருக்கத்தையும் உண்மையான அளவிலேயே அச்சிட்டேன். அதனடியில் நெய்தவர் பெயருக்கு ஓர் இடம் விட்டேன். நான்காவது மாதிரியை அவர் ஏற்றுக்கொண்டார்.

தொகுப்பில் அந்தப் பட்டையை மட்டும் நான் வைக்கவில்லை. அவர் ஒதுக்கிய கோபுரத்தையும் வைத்தேன். சிக்கல் என்ன, முதலில் எங்கே தவறினேன், எதைக் கண்டபின் திருந்தினேன், இறுதியில் என்ன செய்தேன் என்பதைப் பத்து வரிகளில் எழுதினேன். முடிந்த வடிவம் நம் கைத்திறத்தைக் காட்டும். கடந்து வந்த வழிதான் நம் சிந்தனையைக் காட்டும். நம்மிடம் வேலை தருபவர் முதலில் தேடுவது சிந்தனையையே.

தெரிந்து தெளிவோம்

இந்திய மொழிகளின் எழுத்தில் அச்சாகி இன்று கிடைக்கும் நூல்களுள் மிகப் பழையது 'தம்பிரான் வணக்கம்'. 1578இல் கொல்லத்தில் அச்சான இந்நூல் 16 பக்கங்களை உடையது. கோவாவில் 1577இல் உருவாக்கிய தமிழெழுத்துகளும் கொல்லத்தில் 1578இல் உருவாக்கியவையும் இதன் இறுதியில் மாதிரிகளாக அச்சிடப்பட்டுள்ளன. எழுத்தை வார்த்தவர்கள் ஊரையும் ஆண்டையும் குறித்துத் தம் வேலையைக் காட்டிய பக்கம் அது. இதனை அச்சிட்ட அண்ட்ரிக் அடிகளாரின் மற்றொரு நூலான 'அடியார் வரலாறு', தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலில் 1586இல் அச்சானது.

காண்பவர் கண்ணில்

உள்ளடக்கம் ஒழுங்கானபின் உருவத்தைச் சீர்செய்தேன். காண்பவர்களுள் பலர் கைப்பேசியில்தான் காண்பர். அதனால் படங்களைத் திரைக்கேற்ற அளவுக்குச் சுருக்கினேன். அச்சுக் கோப்புகளின் வண்ணம் சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்னும் நால்வண்ண முறையில் அமைந்தது. திரையோ சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூவண்ண ஒளியால் இயங்குவது. மாற்றாமல் ஏற்றினால் வண்ணம் பிறழ்ந்து தோன்றும். கோரையின் பச்சை வெளிறிப் போனதைக் கண்டுதான் இதைக் கற்றுக்கொண்டேன். கொம்பும் சுழியும் மிகுந்த தமிழெழுத்துகள் சிறிய அளவில் அடைந்துவிடும். ஆகவே எழுத்தைப் பெரிதாக்கி வரியிடைவெளியையும் கூட்டினேன். பார்வைக் குறைபாடு உடையோரின் கருவி படித்துச் சொல்லும்படி ஒவ்வொரு படத்திற்கும் விளக்கம் எழுதினேன். மின்னி மின்னித் தோன்றிய என் பெயரை அசையாமல் நிறுத்தினேன்.

பிஹான்ஸ் போன்ற பொதுத் தளங்களில் தொகுப்பைச் செலவின்றி வைக்கலாம். அங்கே பலரும் வந்து காண்பர். சொந்த இணையதளத்திற்கு ஆண்டுக் கட்டணம் உண்டு. ஆனால் அமைப்பும் வரிசையும் நம் விருப்பப்படி இருக்கும். நான் இரண்டிலும் வைத்தேன். மிகச் சிறந்ததை முதலிலும் அதற்கடுத்ததை இறுதியிலும் வைத்தேன். காண்பவர் மனத்தில் தங்குபவை அவ்விரண்டே. பிறருக்காகச் செய்தவற்றை அவர்களுடைய இசைவு பெற்றே வெளியிட்டேன். ஒவ்வொரு படைப்பின் கீழும் 'என் பங்கு' என்று ஒரு வரி சேர்த்தேன். நாடகச் சுவரொட்டியின் கீழ் இப்போது 'எழுத்து மட்டும் என்னுடையது' என்றிருக்கிறது. ஓவியம் வரைந்த நண்பனின் பெயரும் அவனுடைய தொகுப்புக்கான இணைப்பும் உடனிருக்கின்றன.

சில மாதங்களுக்குப் பின் உடன்குடியிலிருந்து கருப்பட்டி வணிகர் ஒருவர் அழைத்தார். "அந்தப் பாய்க் கதையைப் படிச்சேன் தம்பி. எங்க கருப்பட்டியையும் வந்து பாருங்க" என்றார். என் வடிவத்தைப் பார்த்ததாக அவர் சொல்லவில்லை. கதையைப் படித்ததாகச் சொன்னார்.

ஏழாவது படைப்பு

இன்று என் தொகுப்பில் ஏழு படைப்புகள் உள்ளன. ஏழாவது என்னுடையதன்று. மேலப்பாளையத்தில் ஒரு பழைய மரக்கடையின் உட்சுவரில், சுண்ணாம்புக்குத் தப்பிய என் தந்தையாரின் எழுத்து ஒன்றைக் கண்டேன். உரிமையாளரிடம் இசைவு பெற்று ஒளிப்படம் எடுத்தேன். அதன் கீழே, 'எழுத்து: என் தந்தையார். ஒளிப்படம்: நான்' என்று குறித்தேன்.

ஒரு மாலையில் அதை அவரிடம் கைப்பேசியில் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். எழுத்தின் அழகைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. இரு விரல்களால் படத்தைப் பெரிதாக்கி, வலப்புறக் கீழ்மூலைக்கு நகர்த்தினார். தூசு படிந்த அவருடைய முதலெழுத்தும் தேதியும் தெளிவாகத் தெரிந்தன.

"அளிஞ்சு போகலைலே" என்று சொல்லி, கைப்பேசியை என்னிடம் திருப்பித் தந்தார்.

கற்பவை கற்றபின்

1. நீங்கள் வரைந்த, எழுதிய, உருவாக்கிய ஒன்றைத் தேர்ந்து, அதில் நீங்கள் எடுத்த முடிவுகளைப் பத்து வரிகளில் எழுதுக.

2. குழுவாகச் செய்த செயல்திட்டம் ஒன்றில் ஒவ்வொருவரின் பங்கையும் குறிப்பிட்டுப் பட்டியல் உருவாக்குக.

3. உங்கள் ஊரில் எஞ்சியிருக்கும் கையெழுத்து விளம்பரப் பலகைகளை ஒளிப்படம் எடுத்து, எழுதியவர் பற்றிய குறிப்புகளைத் திரட்டி வகுப்பறையில் காட்சிப்படுத்துக.