நடுவில் ஒரு தையல்

பக்கத்து வீட்டு ஆச்சி கட்டில் விரிப்பைக் கொடியில் காயப்போட்டிருந்தார். அதன் நட்டநடுவே, தலைமாட்டிலிருந்து கால்மாடுவரை, ஒரு தையல் ஓடியது. நான் லண்டனுக்கு வந்து இரண்டாவது வருடம். வேலிக்கு மேலால் எட்டி, ஏன் இரண்டு துண்டை ஒட்டினீர்கள் என்று கேட்கும் அளவுக்கு ஆங்கிலம் வந்திருந்தது. அது ஒரே துணிதானாம். படுத்துப் படுத்து நடு நைந்ததும் நீளவாக்கில் வெட்டி, நையாத இரண்டு கரைகளையும் நடுவுக்குக் கொண்டுவந்து பொருத்தியிருக்கிறார். நைந்த பக்கங்கள் மெத்தைக்கு அடியில் போய்விடும்.

"போர்க்காலத்தில் அம்மா சொல்லித் தந்தது" என்றார்.

முதுகில் உறுத்தாதா?

"உறுத்தும்."

1941 ஜூன் 1ஆம் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரிட்டனில் உடுப்புக்கும் பங்கீடு வந்தது. முன்கூட்டிச் சொன்னால் சனம் கடைகளைத் துடைத்துவிடும் என்று கூப்பன் புத்தகம்கூட அச்சடிக்கவில்லை. உணவுப் புத்தகத்தில் மிஞ்சிக் கிடந்த மாஜரீன் கூப்பனைத்தான் முதலில் உடுப்புக்கு வெட்டினார்கள். முதல் வருடம் ஆளுக்கு 66 கூப்பன். கம்பளிக் கவுனுக்கு 11, ஒரு சோடி நீளக் காலுறைக்கு 2, காசு வேறு. ஆண்களின் காற்சட்டைக் கால்நுனியை மடித்துத் தைக்கவும் தடை வந்தது. அவர்கள் அதிகம் புலம்பியது அதற்குத்தான்.

1943இல், இருப்பதை வைத்துச் சமாளியுங்கள், கிழிந்ததைத் தையுங்கள் என்று அரசு ஒரு கையேடே போட்டது. அதன்மேல் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு. 20 முதல் 30 வயதுவரையான மணமாகாத பெண்களைப் போர்ப்பணிக்குக் கட்டாயமாக அழைக்கும் சட்டம் 1941 டிசம்பரிலேயே வந்துவிட்டது. மணமானவர்களும் ஆலைகளுக்குப் போனார்கள். பகலெல்லாம் இயந்திரத்தோடு நின்றவளுக்கு இரவில் ஊசியும் நூலும். ஆச்சியின் அம்மாவும் அப்படித்தான். சிறுத்துப்போன கம்பளிச் சட்டையைப் பிரித்து, நூலைக் கதிரை முதுகில் சுற்றிக் கட்டி, நெளிவு போகக் கழுவித் தொங்கவிடுவாராம். காய்ந்தபின் அதை உருண்டையாக்க மகளின் கைகள் வேண்டும். "கையிரண்டையும் நீட்டிக்கொண்டு நிற்பேன். அம்மா சுற்றச் சுற்ற நித்திரை தூங்கிவிழுவா."

நானும் என் பங்குக்கு ஊர்க்கதை சொன்னேன். 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் சவர்க்காரம் கிடைக்காத காலம். அம்மா பனம்பழத்தைத் தோலுரித்துத் தண்ணீரில் பிசைந்து துணி தோய்ப்பார். அழுக்குப் போகும், வாசம் போகாது. கொடிக்குக் காவல் இருப்பது என் வேலை. ஒருநாள் கண்ணயர்ந்துவிட்டேன். அந்த வாசத்துக்கு வந்த மாடு என் வெள்ளைப் பள்ளிக்கூடச் சட்டையின் ஒரு கையை மென்று முடித்திருந்தது. அம்மா மற்றக் கையையும் வெட்டி, கையில்லாச் சட்டையாக்கித் தந்தார்.

ஆச்சி சிரித்துக் கண்ணைத் துடைத்தார். சவர்க்காரம் அவர்களுக்கும் 1942இலிருந்து பங்கீடுதான்.

"உங்களுக்கு ஆளுக்கு எத்தனை கூப்பன்?"

கூப்பன் எனக்குத் தெரியாத சொல்லா? சங்கக் கடை வரிசையில் அந்த மட்டையோடு நின்று வளர்ந்தவள்தானே. ஆனால் இதற்குக் கூப்பன் இல்லை. சவர்க்காரத்தை அரசாங்கம் எங்கள் பக்கம் வரவிடவில்லை என்றேன்.

"எதிரி அரசாங்கமா?"

"இல்லை. எங்களுடையது."

என் ஆங்கிலம்தான் பிழைத்துவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ, ஆச்சி அதே கேள்வியை இன்னொருமுறை, மெதுவாகக் கேட்டார்.