நான் சொன்ன ஒரு சொல்

என் மகனுக்குத் திருமணமாகி ஆறாண்டுகள் கழிந்திருந்தன. உறவினர் குழந்தையின் ஞானஸ்நான விருந்துக்குச் சென்று திரும்பிய இரவு, மருமகளின் செவியில் விழும்படி நான் ஒரு சொல்லைச் சொன்னேன். அச்சொல்லை எழுத இன்று என் கை கூசுகிறது. அவள் மறுமொழி கூறாமல் அடுப்படிக்குள் சென்றுவிட்டாள்.

மறுமாதம் அவளுக்குத் துணையாக மருத்துவரிடம் சென்றேன். மணமான மறு ஆண்டில் அவளுக்குக் கருச்சிதைவு நேர்ந்து, கருப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்திருந்தார்கள். அந்தக் காயத்தால் கருப்பையின் உட்சுவர்கள் தழும்பேறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டனவாம். 1948-இல் இதனை விளக்கி எழுதிய மருத்துவரின் பெயரால் இதற்கு ‘ஆஷர்மன் நோய்’ என்று பெயர். காசநோயாலும் இது வருவதுண்டு.

"விதையும் நன்று, நிலமும் நன்று, மேல்மண்தான் அரித்துப் போயிற்று, அம்மா" என்றார் மருத்துவர். ஒருமுறை கருவுற்றவளையா நான் அப்படிச் சொன்னேன்!

ஒட்டுகளைக் கருவியால் பிரித்துவிடலாம். ஆனால், நோய் முற்றியவர்களுக்கு அவை மீண்டும் ஒட்டிக்கொள்ளக்கூடும், உட்படலமும் வளராமல் போகலாம். இத்தகையோருக்காகவே புதிய ஆய்வுகள் நடக்கின்றன. சீனாவின் நான்ஜிங் நகரில், கொலாஜன் என்னும் புரதத்தாலான மெல்லிய விரிப்பில், தொப்புள்கொடியிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்களை ஏற்றிக் கருப்பைக்குள் பதித்தார்கள். 2018-இல் வெளியான அறிக்கையின்படி, 26 பெண்களில் 10 பேர் கருவுற்றனர். அதற்குள் 8 பேர் குழந்தை பெற்றிருந்தனர். 2020-இல் அமெரிக்க அறிஞர்கள், உடலில் தானே கரையும் சட்டத்தில் முயலின் சொந்த அணுக்களை வளர்த்து, அதன் கருப்பையில் வெட்டியெடுத்த பகுதியை ஈடுசெய்தனர். அம்முயல்களுள் சில குட்டிகளும் ஈன்றன.

‘இது பாவமாகுமோ?’ என்று பங்குத் தந்தையிடம் கேட்டோம். மனிதக் கருவை அழித்து ஸ்டெம் செல் எடுப்பதைத் திருச்சபை ஏற்பதில்லை. வளர்ந்தவர் உடலிலிருந்தோ, பிறப்பின்போது தொப்புள்கொடி இரத்தத்திலிருந்தோ எவருக்கும் தீங்கின்றி எடுப்பதற்குத் தடையில்லை என 2008-ஆம் ஆண்டின் வத்திக்கான் ஏடு கூறுகிறது என்று அவர் விளக்கினார்.

எனினும் இது இன்னும் ஆய்வு நிலையிலேயே உள்ளது. பணம் பெற்றுக்கொண்டு உறுதி கூறுவோரை நம்ப வேண்டாமென்று மருத்துவர் எச்சரித்தார். மருமகளுக்கு ஒட்டுகளை மட்டும் நீக்கினார்கள். தொட்டில் இன்னும் நிறையவில்லை.

அன்று வீடு திரும்பியதும் அவள் கைகளைப் பற்றி மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கள், அத்தை" என்று சொல்லி அழுதாள். தழும்பேறிய கருப்பையை ஆற்றும் வழியை அறிஞர் தேடுகிறார்கள். நம் நாவினால் உண்டாகும் தழும்பை ஆற்ற வேண்டியவர்கள் நாமே அல்லவா, தாய்மாரே?