காற்று இறங்கினால்

பட்டாளத்தில் கழித்துப் போட்ட சாமான் என்றால் நம்மவர்களுக்கு ஒரு தனி மயக்கம் உண்டு. 1945-ல் யுத்தம் முடிந்த கையோடு 'டிஸ்போஸல்' என்ற பெயரில் லாரியும் ஜீப்பும் கூடாரத் துணியுமாக ஊருக்குள் வந்து இறங்கிய காலத்தில் பிடித்த மயக்கம் அது. இன்னும் விட்டபாடில்லை. "சர்க்கார் இரும்பு, சாகவே சாகாது" என்பார்கள். வாஸ்தவம்தான். இரும்பு சாகாது. ஆனால் ரப்பர் செத்துப் போகிறதே, அதற்கு என்ன செய்வது?

என் மைத்துனர் சர்க்கார் ஏலத்தில் அப்படி ஒரு லாரி எடுத்தார். 1959 முதல் ஜபல்பூரில் செய்துவந்த சக்திமான் லாரிகளுக்குப் பிறகு, ராணுவத்துக்கு ஸ்டாலியன் என்று ஒரு வகை வந்தது அல்லவா, அதில் ஒன்று. நான்கு சக்கரங்களும் இழுக்கிற வண்டி. கொல்லிமலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கை இறக்கி, ராசிபுரத்துச் சேகோ ஆலைகளுக்குக் கொண்டுபோக அதைவிடப் பொருத்தமான வாகனம் பூவுலகில் கிடையாது என்பது அவர் தீர்மானம். காரவள்ளியிலிருந்து மேலே ஏறும் அந்தச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஏறுவதற்கு என்ஜின் பலம் வேண்டும். இறங்குவதற்கு வேறொன்று வேண்டும். மைத்துனர் ஏறுவதைப் பற்றி மட்டுமே யோசித்திருந்தார்.

வெகுநாள் மைதானத்தில் வெயிலில் கிடந்த வண்டி அது. சேந்தமங்கலத்துப் பட்டறைக்கு வந்து சேர்ந்தபோது என்ஜின் முதல் தட்டிலேயே பிடித்துக்கொண்டது. சக்கரம்தான் உருளவில்லை. காற்றழுத்தத்தைக் காட்டும் முள் எட்டுக்குப் போக வேண்டியது, நாலிலேயே சண்டித்தனம் செய்தது. சாரைப் பாம்பு புற்றுக்குள்ளிருந்து சீறுகிற மாதிரி வண்டிக்கு அடியில் ஒரு 'புஸ்' சத்தம். எச்சரிக்கை மணி ஒன்று ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது. மைத்துனர் முதலில் செய்யச் சொன்ன காரியம், அந்த மணியின் ஒயரைப் பிடுங்கச் சொன்னதுதான்.

பட்டறைக்காரர் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். 1943-ல் தொடங்கிய இ.எம்.இ. என்ற பிரிவு இருக்கிறதே, பீரங்கியிலிருந்து ரேடியோ வரை பட்டாளத்துச் சாமான்களைப் பழுது பார்ப்பவர்கள், அதில் மெக்கானிக். லடாக்கில் பல வருஷம் இருந்தவர். ஒயரைப் பிடுங்கும் யோசனைக்கு அவர் பதிலே சொல்லவில்லை. ஒரு மக்கில் சோப்புத் தண்ணீரைக் கரைத்துக்கொண்டு, பழைய பெயிண்ட் பிரஷ்ஷுடன் வண்டிக்கு அடியில் படுத்துவிட்டார்.

யந்திரம் என்றால் ஒதுங்கி நிற்கிறவன் நான். ஆனால் அந்த வைத்தியத்தில் எனக்கு ருசி தட்டிவிட்டது. என்ஜின் ஓடும்போது கம்ப்ரஸர் என்ற சிறு பம்பு வெளிக்காற்றை இழுத்து, அமுக்கி, இரும்புத் தொட்டிகளில் நிரப்புகிறது. டிரைவர் மிதிக்கும்போது அந்தக் காற்று குழாய்களில் ஓடி, ஒவ்வொரு சக்கரத்தருகிலும் இருக்கும் சேம்பர் என்ற டப்பாவுக்குள் புகுந்து, ரப்பர்ச் சவ்வு ஒன்றைத் தள்ளுகிறது. சவ்வு தண்டைத் தள்ள, தண்டு பிரேக்கை இறுக்குகிறது. டிரைவரின் கால் வேலை செய்யவில்லை; கால் உத்தரவு போடுகிறது, காற்று உழைக்கிறது. அவ்வளவுதான் சூத்திரம்.

இணைப்புகளில் பிரஷ் பட்டதும் நுரை பூத்தது. சில இடத்தில் கடுகளவு. ஒரு நட்டில் குழந்தைகள் ஊதும் குமிழி மாதிரியே. ஹவில்தார் அவற்றை ஒவ்வொன்றாக இறுக்கினார். சுள்ளி போல் காய்ந்திருந்த இரண்டு குழாய்களை மாற்றினார். தொட்டியின் அடியிலுள்ள திருகைத் திறந்தபோது மோர் நிறத்தில் தண்ணீர் கொட்டியது. காற்றை அமுக்கினால் அதிலுள்ள ஈரம் தண்ணீராகிறது. கம்ப்ரஸரின் எண்ணெயும் அதோடு கலந்துகொள்கிறது.

"லடாக்கிலே சாயங்காலம் இதைத் திறந்து விடாம படுத்தோம்னா, காலையிலே குழாய்க்குள்ளே ஐஸ் அடைச்சுக்குமுங்க. அப்புறம் மிதிச்சாலும் பிரேக் பிடிக்காது, பிடிச்சாலும் விடாது" என்றார்.

அங்கே காற்றே மெல்லிசானதால் தொட்டி நிரம்பவும் நேரமாகுமாம். அதுவரை பொறுமையாகக் காத்திருக்கப் பழகிய மனிதர்.

முள் ஆறுக்கு வந்தது. காலை வைத்து மிதித்தால் மறுபடி இறங்கியது. "மிதிக்காதப்ப நிக்குது, மிதிச்சா இறங்குது. அப்ப ஓட்டை, காலுக்கு அந்தப் பக்கம்" என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். துப்பறியும் கதை எழுதுகிறவர்கள் இந்தத் தர்க்கத்தைப் பார்க்க வேண்டும். முன் இடதுபுறச் சேம்பரைக் கழற்றினார். உள்ளே சவ்வு வெடித்திருந்தது. புதுச் சவ்வு நாமக்கல்லிலேயே கிடைத்தது. மாட்டியதும் முள் எட்டைத் தொட்டது. மைத்துனர் கை தட்டாத குறை.

அப்புறம்தான் கை பிரேக்கை விடுவித்தார்கள். பின் வலது சக்கரத்திலிருந்து 'புஸ்' என்று சத்தம். முள் சரசரவென்று கீழே வந்தது. சக்கரம் இறுகிக்கொண்டது.

இங்கேதான் அந்த ஏற்பாட்டின் நுட்பம் இருக்கிறது. பின் சேம்பர்களுக்குள் ஒரு பெரிய சுருள்வில் உண்டு. எந்நேரமும் பிரேக்கை இறுக்கப் பார்த்துக்கொண்டிருப்பது அது. காற்றுதான் அதை அமுக்கி வைத்துக்கொண்டிருக்கிறது. காற்று இறங்கினால் வில் விரிந்து வண்டியை நிறுத்திவிடும். காற்றில்லாவிட்டால் வண்டி ஓடிவிடும் என்று நாம் பயப்படுகிறோம். செய்தவன் அதைத் தலைகீழாக மாற்றி வைத்திருக்கிறான். இந்த யோசனையின் பூர்வீகம் ரயிலில் இருக்கிறது. ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் என்ற அமெரிக்கர் 1869-ல் காப்புரிமை பெற்ற முதல் காற்று பிரேக்கில், குழாய் அறுந்தால் பிரேக்கும் போயிற்று. 1872-ல் அவர் அதை மாற்றினார்: குழாயில் எப்போதும் காற்று நிற்கட்டும், அது குறைந்தால் பிரேக் தானே பிடிக்கட்டும் என்று. அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ பேர் எத்தனையோ கண்டுபிடித்திருக்கிறார்கள். தன் யந்திரம் ஒருநாள் கெட்டுப்போகும் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு செய்தவர்களிடம் எனக்குத் தனி மரியாதை.

மைத்துனருக்கு அப்போது வெஸ்டிங்ஹவுஸ் வேண்டியிருக்கவில்லை. மலைமேல் கிழங்கு பிடுங்கி இரண்டு நாளாகிவிட்டது. பிடுங்கிய மரவள்ளி காத்திருக்காது; மூன்றாம் நாள் உள்ளே நீலம் பாய ஆரம்பித்தால் ஆலையில் கையால் தொடமாட்டார்கள். புது சேம்பரோ சேலத்திலிருந்து வர இரண்டு நாளாகும். போன் மேல் போன் வந்துகொண்டிருந்தது.

"ஏனுங்ணா, அந்த ஒரு சக்கரத்து வில்லை மட்டும் போல்ட் போட்டுச் சுருட்டிடுங்க. காத்துக் குழாயையும் அடைச்சுடுங்க. ஒரே ஒரு நடை போய்ட்டு வந்துடறேன்" என்றார்.

அப்படி ஒரு போல்ட் உண்மையிலேயே இருக்கிறது. பின்புறம் செருகித் திருகினால் வில் சுருங்கி, காற்றில்லாமலே சக்கரம் விடுபடும்.

"வண்டி ஓடுமில்லீங்களா?"

"ஓடுமுங்க தம்பி. ஓடறதுக்கு என்ன!" என்றார் ஹவில்தார். "காலி வண்டியைப் பட்டறைக்கு இழுத்துட்டு வர்றதுக்குன்னு கொடுத்த போல்ட் அது. பாரம் ஏத்தி மலை இறங்கறதுக்கு இல்லே."

"ஒரு சக்கரம்தானுங்களே. பணம் வேணும்னா சேர்த்துத் தர்றேனுங்க."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கிளீனர் பையனைக் கூப்பிட்டு, நான்கு சக்கரத்துக்கும் கட்டை போடச் சொன்னார். பிறகு வண்டிச் சாவியை எடுத்துத் தம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "புதுசு வந்து மாட்டினப்புறம் வாங்கிக்குங்க."

மைத்துனர் என் முகத்தைப் பார்த்தார். நான் சொந்தக்காரன், அவர் கட்சி பேசுவேன் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது. நான் எழுபது வளைவுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். "வாடகை லாரி பேசு" என்றேன். அன்று முழுவதும் அவர் என்னோடு பேசவில்லை.

வாடகை வண்டியில் கிழங்கு இறங்கியது. கொஞ்சம் வீணாகி, கொஞ்சம் விலை குறைந்து, லாபம் என்று பார்த்தால் கையைக் கடித்தது. மூன்றாம் நாள் சேம்பர் வந்தது. பழையதைத் திறந்து உள்ளே பார்க்க வேண்டுமென்று எனக்கு ஆசை. ஹவில்தார் விடவில்லை. உள்ளேயிருக்கும் வில் தவறி விரிந்தால் மூடி குண்டாகப் பாயுமாம், ஆளைக் கொன்றுவிடும். அதனால் அதை யாரும் திறப்பதில்லை, முழுசாகக் கழற்றி முழுசாக மாற்றுவதுதான் வழக்கம்.

புதியதை மாட்டி, கம்ப்ரஸரை ஓட்டி, முள் எட்டில் நின்றதும் என்ஜினை அணைத்தார். கை பிரேக்கை விடுவித்தார். கட்டையை எடுக்கவில்லை. "ராத்திரி இப்படியே கிடக்கட்டும்" என்று வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை மைத்துனர் எனக்கு முன்பே பட்டறைக்கு வந்து, டிரைவர் இருக்கையில் ஏறி, முள்ளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எவ்வளவு நிக்குது?" என்றேன்.

"ஏழரை" என்றார். "அந்த அரை எங்கே போச்சுன்னு அண்ணன் வந்ததும் கேக்கணும்."